கருப்புக் கோட்டில் மூன்று திட்டுகள்

எங்கள் தையல் கடையில் அவரை நேரில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அந்தப் பக்கம் நகர்ந்ததும் 'அரையங்குலம்' ஆகிவிடுவார். இஸ்திரி அண்ணன் வைத்த பெயர் அது. துணி வெட்டும்போது யாராவது "சுமாரா இருந்தாப் போதும்க்கா" என்று சொல்லிவிட்டால், கழுத்தில் தொங்கும் டேப்பை இறக்கி, "சுமார்னா எவ்வளவு? அரை அங்குலமா, கால் அங்குலமா?" என்று கேட்பார். கிண்டலுக்குக் கேட்பதில்லை. பதில் வந்தால்தான் கத்தரியைத் தொடுவார்.

நான் அங்கே காஜா எடுத்துப் பட்டன் தைக்கிறவள். ஏழு வருடமாக அவருக்கு எதிர் மேஜை. கோட்டு, சீருடை, அலுவலக உடுப்பு என்று கனமான வேலைகள் வரும் கடை. நடுவில் நீளமான வெட்டு மேஜை, ஜன்னலோரம் மூன்று மிஷின், மூலையில் நீராவி இஸ்திரி, அதற்குப் பக்கத்தில் போட்டுப் பார்க்கிற அறை. அந்த அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அக்கா அங்கே வாடிக்கையாளருக்குக் குண்டூசி குத்தும்போது எப்போதும் அந்த ஆளின் முதுகுக்கு நேர் பின்னாலேயே நிற்பார். அது அளவு பார்க்கும் முறை என்றே நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கண்ணாடியில் தன் முகம் தெரியாமல் இருக்கத்தான் அப்படி நிற்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

பதினான்கு வயதில் அவருக்கு முகப்பரு வந்தது. கல்யாணம் ஆனால் போய்விடும் என்றார்கள். ஆனது, போகவில்லை. குழந்தை பிறந்தால் போய்விடும் என்றார்கள். மகளும் பிறந்து எட்டு வயதாகிவிட்டது. பரு மட்டும் இடத்தைக் காலி செய்யவில்லை. தாடையிலும் கன்னத்திலும் உள்ளே வேர்விட்ட மாதிரிக் கட்டி கட்டியாக வரும். சில நாள் தலையணையில் கன்னம் வைத்துப் படுக்க முடியாது என்பார். லிஃப்ட் பழுதுபார்க்கிற அவர் கணவர் நல்ல மனிதர். "எனக்கு நீ எப்பவும் போலத்தான் தெரியற" என்பார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்வதா, குறையாக எடுத்துக்கொள்வதா என்று அக்காவுக்கே தெரியாது.

நடுவில் ஒரு வெள்ளை டப்பா வந்தது. அழகு நிலையத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி கொடுத்தது. மேலே பெயரில்லை, உள்ளே என்ன இருக்கிறதென்று எழுதியும் இல்லை. போட்ட ஒரே வாரத்தில் முகம், கழுவி வைத்த தட்டு மாதிரி ஆனது. நாங்கள் எல்லோரும் வாயைப் பிளந்தோம். நான்கு மாதம் கழித்து அடுப்புப் பக்கம் போனாலே முகம் எரிந்தது. தோல் மெலிந்து, கன்னத்தில் சிவப்பு நரம்பு ஓடுவது வெளியே தெரிந்தது. இரண்டு நாள் போடாவிட்டால் பழைய பரு இரண்டு மடங்காகத் திரும்பி வரும். பயந்துபோய் மறுபடி டப்பாவைத் திறப்பார்.

அதிலிருந்து அவரை வெளியே இழுத்தது மகள் வரைந்த படம். 'என் அம்மா' என்று பள்ளியில் வரையச் சொல்லியிருக்கிறார்கள். கழுத்தில் டேப், கையில் கத்தரி, எல்லாம் சரியாக வரைந்துவிட்டு, முகத்தில் சிவப்புப் பென்சிலால் புள்ளி புள்ளியாக வைத்திருந்தாள். அக்கா அந்தப் படத்தைக் கடைக்குக் கொண்டுவந்து காட்டிச் சிரித்தார். "எண்ணிக்கை கூடச் சரியா இருக்கு பாரு, என் பொண்ணாச்சே" என்றார். மறுவாரம் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தோல் டாக்டரிடம் போனார்.

போகும்போது வீட்டில் இருந்த எல்லா டப்பாவையும் டியூபையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறார். டாக்டர் அதிகம் பேசாத இளம் பெண். வெள்ளை டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் அநேகமாகக் கடுமையான ஸ்டீராய்டு கலந்திருக்கும் என்றும், என்ன இருக்கிறதென்று எழுதாத எதையும் முகத்தில் போடக்கூடாது என்றும் சொன்னாராம். முதல் சில வாரங்களுக்குப் பரு மருந்தே தரவில்லை. டப்பாவை எப்படி நிறுத்துவது என்று சொல்லிக் கொடுத்து, தோலை ஆற்றுவதற்கு மட்டும் கொடுத்து அனுப்பினார். எரிச்சல் அடங்கிய பிறகுதான் பருவுக்கு ஒரு ஜெல்லை எழுதினார்.

எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டார்: கர்ப்பமாக இருக்கிறீர்களா, அப்படி ஏதாவது எண்ணம் இருக்கிறதா? இல்லை என்றதும், எண்ணம் வந்தால் முதலில் தன்னிடம் வந்து சொல்ல வேண்டும், அந்தச் சமயத்தில் இந்த மருந்து கூடாது என்றார். பிறகு, தினம் ஒருமுறை, சாயங்காலம், முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு என்று விளக்கினார்.

அக்கா கேட்டிருக்கிறார்: "எந்தப் பட்டாணி டாக்டர்? காஞ்சதா, ஊறினதா?"

பேசாத டாக்டர் சிரித்துவிட்டாராம். தன் விரல் நுனியில் ஜெல்லை வைத்தே காட்டியிருக்கிறார். அக்கா டேப்பை வெளியே எடுக்கவில்லை என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை.

மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்த ஒரு தாள் இருக்குமே, யாரும் பிரித்துப் பார்க்காமல் தூக்கிப் போடுவது, அதை அவர் இரண்டு நாள் உட்கார்ந்து படித்தார். எழுத்து எறும்பு மாதிரி இருந்ததால், கோட்டுக்கு மாதிரி வெட்டும் பழுப்புத் தாளில் பெரிய எழுத்தில் பெயர்த்து எழுதி, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டினார். கண்ணோரம், உதட்டோரம், மூக்கு மடிப்பில் படக்கூடாது. வெட்டுக்காயத்தில் போடக்கூடாது. போட்டதும் கை கழுவ வேண்டும். வெயில் தாங்காது, சன்ஸ்கிரீன் போட வேண்டும். கண்ணிமை வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கடைசி வரி, நிறத் துணியில் பட்டால் வெளுக்கும். அதற்காக வீட்டுத் தலையணை உறை, துண்டு எல்லாவற்றையும் வெள்ளையாக மாற்றினார்.

கடையில் அவர் மிஷின் ஜன்னலோரம் இருந்தது. மதியம் நேராக முகத்தில் வெயில் அடிக்கும். முதலாளியம்மாவிடம் தலைவலி என்று பொய்க் காரணம் சொல்லி என்னோடு இடம் மாற்றிக்கொண்டார். மருந்து விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியும். முப்பத்துமூன்று வயதில் பருவுக்கு வைத்தியம் பார்க்கிறேன் என்று சொல்ல அவருக்குக் கூச்சம்.

மூன்றாவது வாரம் முகம் சிவந்து, மாவு தூவிய மாதிரித் தோல் உரிந்தது. இருந்த பரு போதாதென்று புதிதாகவும் கிளம்பியது. தண்ணீர் பட்டாலே சுர்ரென்றது. நான் நிறுத்திவிடச் சொன்னேன். விவரம் தெரியாத இஸ்திரி அண்ணன் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொன்னார். என்றைக்கும் யோசனை கேட்காதவருக்கு எத்தனை யோசனைகள் கிடைக்கின்றன என்று நான் அப்போது பார்த்தேன். அக்கா எதையும் செய்யவில்லை. டாக்டரின் கிளினிக்குக்குப் போன் போட்டு, எத்தனாவது நாள், எந்த இடத்தில் எரிச்சல், எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வரிசையாகச் சொன்னார். ஆரம்பத்தில் பலருக்கு இப்படி ஆகும், கொஞ்ச நாள் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள், ஈரப்பதத்துக்குக் கொடுத்த கிரீமைத் தாராளமாகப் போடுங்கள், அதிகமானால் நேரில் வாருங்கள் என்றார்கள். அப்படியே செய்தார். சீக்கிரம் பலன் கிடைக்கட்டும் என்று ஒரு நாள்கூடக் கூடுதலாகத் தடவவில்லை. நானாக இருந்தால் டியூபை ஜன்னல் வழியாக வீசியிருப்பேன், அல்லது பாதி டியூபை ஒரே நாளில் பூசியிருப்பேன்.

ஐந்தாறு வாரத்தில் எரிச்சல் அடங்கியது. எட்டாவது வாரம் தாடைக் கட்டிகள் அமுங்கத் தொடங்கின. இதைப் பார்த்து முதலில் வந்தவள் அவர் தங்கை. பக்கத்துத் தெருவில் இருக்கிறாள், அப்போது மூன்று மாதக் கர்ப்பம். அவளுக்கும் திடீரென்று முகமெல்லாம் பரு. அக்காவின் டியூபைக் கேட்டாள். அக்கா தரமாட்டேன் என்றார்.

"ஒரு பட்டாணி குடுக்கறதுக்கு என்னக்கா இவ்ளோ கஞ்சத்தனம்?"

"இது என் முகத்துக்கு எழுதினது. உன் வயித்துல இருக்கறதுக்கு எழுதல."

தங்கைக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது. இரண்டு வாரம் அக்கா வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. அக்கா டியூபைப் பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். ஒருநாள் மதியம் என்னிடம் மட்டும், "அவ கோவம் பத்து நாள்ல போயிடும். இது போயிடற விஷயமா?" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. பிறகு தங்கை தன் பிரசவ டாக்டரிடமே கேட்டு, கர்ப்ப காலத்தில் போடக்கூடிய வேறொன்றை எழுதி வாங்கிக்கொண்டாள். அந்த டாக்டர் அக்கா சொன்னதையே இன்னும் கடுமையாகச் சொன்னாராம். தங்கை வந்து மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல உட்கார்ந்து காபி கேட்டாள். அவர்களுக்குள் அதுவே போதும்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கோட்டு வந்தது.

வக்கீலுக்குப் படித்து முடித்த ஒரு பெண். திங்கட்கிழமை முதன்முதலாகத் தன் பெயரில் ஒரு வழக்கில் வாதாட நிற்கப் போகிறாள். அதற்குக் கருப்புக் கோட்டு. போட்டுப் பார்க்க வந்தபோது தோள் இறக்கத்தைப் பற்றி ஆறு முறை கேட்டாள். அக்காவுக்கு அவளைப் பிடித்துப்போனது. உள் துணியை மிஷினில் அடிக்காமல் கையால் தைக்க வேண்டிய வேலை. அதை அக்கா வீட்டுக்கு எடுத்துப் போய்த் தைத்து வியாழக்கிழமை காலை கொண்டுவந்தார். இஸ்திரி அண்ணன் நீராவி விட்டுத் தேய்த்து மாட்டினார். மதியம் முதலாளியம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, வலது தோளுக்குக் கொஞ்சம் கீழே மூன்று திட்டுகள். ஒவ்வொன்றும் விரல்நுனி அளவு. கருப்பில் செங்கல் நிறம்.

முதலாளியம்மா நேராக இஸ்திரி மேஜைக்குப் போனார். அண்ணன் சூட்டை அதிகம் வைத்து முன்பு ஒரு சட்டையைப் பொசுக்கியது உண்மை. ஆகவே யாருக்கும் சந்தேகமே வரவில்லை. தான் சரியான சூட்டில்தான் தேய்த்ததாகவும், தேய்க்கும்போது கண்முன்னாலேயே நிறம் மாறியதாகவும் அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். முதலாளியம்மா என்னைப் பார்த்து, காலையில் கோட்டு நன்றாகத்தானே இருந்தது என்று கேட்டார். ஆமாம் என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் அது அண்ணன் தலையில் விழும் என்று தெரிந்தே சொன்னேன். நாளையிலிருந்து இஸ்திரி மேஜைப் பக்கம் வர வேண்டாம் என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். அண்ணன் பிளக்கைப் பிடுங்கி, ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

அக்கா கோட்டை மடியில் போட்டுக்கொண்டு அந்த மூன்று திட்டுகளையும் டேப்பால் அளந்தார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே எவ்வளவு, தோள் தையலிலிருந்து எவ்வளவு. என்ன கணக்கோ என்று நினைத்தேன். போகும்போது வெட்டுக் கூடையிலிருந்து அதே கருப்புத் துணியின் துண்டுகள் இரண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை நான் போகும்போதே அக்கா வந்திருந்தார். முதலாளியம்மா வரும்வரை உட்காரவில்லை. அவர் வந்ததும், அண்ணனுக்கும் போன் போட்டு வரச் சொல்லுங்கள் என்றார். அண்ணன் வந்து வாசலிலேயே நின்றார். அக்கா வெட்டு மேஜைமேல் கோட்டை விரித்து, பக்கத்தில் இரண்டு துண்டுத் துணிகளையும் வைத்தார். ஒன்றில், சூட்டை உச்சத்தில் வைத்துத் தேய்த்திருந்தார். துணி பளபளவென்று பாதரசம் மாதிரி மின்னியது, நிறம் மாறவில்லை. இன்னொன்றின் நடுவில் அதே செங்கல் நிறத் திட்டு.

"ரெண்டாவதுல நான் முகத்துக்குப் போடற மருந்தைத் தடவி வெச்சேன். காலைல நீராவி விட்டதும் இப்படி வந்துச்சு" என்றார். "அண்ணன் மேல தப்பு இல்ல. என்னோடதுதான்."

கைத்தையல் போடும்போது துணியின் மேல்நுனியைத் தாடையால் அழுத்திப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு உண்டு. கடையில் நான் தினம் பார்ப்பதுதான். புதன்கிழமை சாயங்காலம் மருந்து போட்டுக் கையைக் கழுவிவிட்டுத் தைக்க உட்கார்ந்திருக்கிறார். கை சுத்தம். தாடையை யார் நினைத்தது? மூன்று இடத்தில் மாற்றி மாற்றிப் பிடித்திருக்கிறார். சாதாரணமாக மெல்ல வெளுக்க வேண்டியது, சூடும் ஈரமும் சேர்ந்ததும் உடனே காட்டிக் கொடுத்துவிட்டது. அதைத்தான் அண்ணன் கண்முன்னால் நிறம் மாறியதென்று சொல்லியிருக்கிறார்.

"தலகாணி உறைய மாத்தினேன், துண்ட மாத்தினேன். பொழப்பே துணியில, அத மறந்துட்டேன்" என்றார் அக்கா.

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சொன்னதால், இத்தனை நாள் ஒளித்து வைத்த மருந்து, தலைவலி என்று சொன்ன பொய், எல்லாமே மேஜைமேல் வந்துவிட்டன. அவர் முகம் காது மடல்வரை சிவந்திருந்தது.

முதலாளியம்மா அந்தத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, "உள்ள வாங்க. நான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். பதினைந்து வருடமாக அந்தக் கடையை நடத்துகிறவர் அப்படி ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதில்லை. நானும் அண்ணனிடம் போய், நேற்று நான் ஆமாம் போட்டதற்கு வருத்தம் சொன்னேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாத மாதிரிக் காட்டிக்கொண்டு, இஸ்திரிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

முன்பாகத்தை மட்டும் மாற்றினால் போதும் என்றார் முதலாளியம்மா. அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. கடையில் மீதமிருந்த கருப்புத் துணியைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தால் லேசாக நீலம் அடித்தது. துணிக்கடைக்குப் போய் அதே துணிச் சுருளிலிருந்து புதுத்துணி கொண்டுவந்து முழுக் கோட்டையும் முதலிலிருந்து வெட்டினார். கைத்தையலைக் கடையிலேயே உட்கார்ந்து முடித்தார். நான் காஜா எடுத்தேன். அண்ணன் வெள்ளைத் துணி போர்த்தி அங்குலம் அங்குலமாகத் தேய்த்தார். சனிக்கிழமை மதியம் கோட்டு தயார்.

வக்கீல் பெண் வந்து போட்டுப் பார்த்தாள். அவளுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அக்கா பழைய கோட்டையும் எடுத்துவந்து காட்டி, நடந்ததைச் சொன்னார்.

"என்கிட்ட சொல்லாமலே குடுத்திருக்கலாமே?" என்றாள் அவள்.

"நீங்க நம்பிக் குடுத்த துணி. அதுக்கு என்ன ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியணும் இல்லையா?"

அந்தப் பெண் கண்ணாடியில் தோள் இறக்கத்தை ஏழாவது முறையாகச் சரிபார்த்தாள். போகும்போது அக்காவின் கையைப் பிடித்து, நீங்கள் சாட்சி சொல்ல வந்தால் எதிர்த்தரப்பு பாவம் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து அக்கா வீட்டில் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டார். முதலில் தையல். அது முடிந்து துணியெல்லாம் மூடிய பெட்டிக்குள் போன பிறகே முகம் கழுவுவதும் மருந்தும். டாக்டரிடம் மூன்றாம் மாதம் போனபோது இதைச் சொல்லியிருக்கிறார். துணி வேலை செய்கிறவர் என்று தெரிந்தும் அதை இன்னும் அழுத்திச் சொல்லாமல் விட்டோமே என்று டாக்டர் தன் குறிப்பில் எழுதிக்கொண்டாராம். புதிய கட்டிகள் வருவது நின்றிருந்தது. பழைய தழும்புகள் அப்படியேதான் இருந்தன. கன்னத்துக் குழிகளை ஜெல் நிரப்பாது என்று டாக்டர் நேராகச் சொல்லிவிட்டார். அதற்கு வேறு வழிகள் உண்டு, அவசரமில்லை, மருந்தை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள் என்றார். அக்காவுக்கு அந்த நேரான பேச்சு பிடித்திருந்தது.

இப்போது ஒன்றரை வருடமாகிறது. டாக்டர் சொன்னபடி அளவைக் குறைத்து, வாரத்தில் சில நாள் மட்டும் போடுகிறார். போன வாரம் சீருடைக்கு அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணி, தான் இரண்டு வருடம் முன்பு பார்த்த முகமா இது என்று ஆச்சரியப்பட்டு, போடுகிற கிரீமின் பெயரைக் கேட்டார். எழுதிக்கொள்ளப் பேனாவையும் எடுத்துவிட்டார்.

"டாக்டர் இருக்கற இடத்தச் சொல்றேன், எழுதிக்கோங்க" என்றார் அக்கா. "மருந்துப் பேர அவங்க உங்க முகத்தப் பாத்துட்டுச் சொல்லுவாங்க."

அந்தப் பெண்மணி கொஞ்சம் முகம் சுளித்தார். அக்கா தெருவையும் மாடியையும் கிளினிக் திறக்கும் நேரத்தையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, கையைத் தூக்கச் சொல்லி அளவெடுக்கத் தொடங்கினார்.